பழைய ஏலியனா, புது ஏலியனா? இந்தக் கேள்விய கொஞ்சம் மாத்திக் கேக்கணும்

ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளி சீரியல பாக்கற நாலு பேரு ஒண்ணா சேந்தா இந்தச் சண்ட கண்டிப்பா வரும். ஒருத்தர் "எத்தன வருஷம்தான் கிளிங்கான்ங்கற அதே ஏலியன் இனத்தயே காட்டுவாங்க, பிரபஞ்சம் இவ்ளோ பெருசா கெடக்கு, புதுசா ஒண்ணு யோசிக்கக் கூடாதா"ன்னு ஆரம்பிப்பார். இன்னொருத்தர் "புதுசு புதுசா கொண்டு வந்து ஒரே எபிசோட்ல விட்டுட்டு போறதுக்கு, இருக்கறதயே ஒழுங்கா காட்டுனா போதும்"பார். ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஏலியனோட வயச மட்டும் வெச்சு கணக்கு போடறாங்க, பழசுன்னா சோம்பேறித்தனம் புதுசுன்னா கற்பனைன்னு ஒரு பக்கம், பழசுன்னா மரியாத புதுசுன்னா அலட்சியம்னு இன்னொரு பக்கம். விஷயம் அங்க இல்லங்கறத இந்த சீரியல் எதையுமே பாக்காதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன்.

ஒரே கதை உலகத்த வெச்சு சீரியல், படம், மறுபடி சீரியல்னு பல வருஷம் ஓட்டறதத்தான் ஃபிராஞ்சைஸ்னு சொல்றாங்க. அமெரிக்காவுல 1966ல தொடங்குன ஸ்டார் ட்ரெக், பிரிட்டன்ல பிபிசி 1963ல தொடங்குன டாக்டர் ஹூ, இந்த ரெண்ட மட்டும் எடுத்துக்கலாம். ரெண்டும் அறுபது வருஷக் கதை, இந்தச் சண்டைல வர்ற எல்லா வாதத்துக்கும் உதாரணம் இதுலயே கெடச்சுடும்.

பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும்

வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வர்ற ஒரு பெரியப்பாவ நெனச்சுக்கோங்க. வந்த ஒடனே என்ன கேப்பார், சாப்பாட்டுல எதுக்கு கொற சொல்லுவார், எந்தக் கதைய நூறாவது தடவையா சொல்லுவார்னு எல்லாமே உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் எல்லாரும் தூங்கப் போன பிறகு, பதினேழு வயசுல வீட்ட விட்டு பம்பாய்க்கு ஓடிப் போயி ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாம இருந்தத மெதுவா சொல்றார். மறுநாள் காலைல அதே வேஷ்டி அதே குரல்தான், ஆனா நீங்க பாக்கறது வேற ஆள.

இப்ப பக்கத்து வீட்டுக்கு புதுசா ஒருத்தர் குடி வர்றார். பேரு புதுசு, ஊரு புதுசு. பத்து நிமிஷம் பேசுனா போதும், எந்த வேல, எத்தன பசங்க, எந்தக் கட்சின்னு எல்லாம் தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் கேக்க ஒண்ணும் இருக்காது.

இதுல பழகுன ஆளு புதுசாயிட்டார், புது ஆளு அன்னிக்கே பழசாயிட்டார். ஏலியன் விஷயமும் இதேதான். எவ்ளோ நாளா தெரியும்ங்கறத விட்டுட்டு, அதுகிட்ட நமக்கு இன்னும் தெரியாதது என்ன மிச்சம் இருக்குன்னு பாக்கணும்.

ஏலியன் கதைக்குள்ள என்ன வேல செய்யுது

நல்ல ஏலியன் ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு கேள்வி இருக்கும், மூஞ்சி முகமூடி எல்லாம் அதுக்கு மேல போட்ட சட்டதான். இத நான் ஒரே ஒரு எபிசோட வெச்சு காட்டறேன்.

1967 மார்ச்ல ஸ்டார் ட்ரெக்ல ஒரு சுரங்கக் கதை வந்துச்சு. பாறைக்குள்ள புகுந்து வர்ற ஏதோ ஒண்ணு தொழிலாளிங்கள வரிசையா கொல்லுது, ஐம்பது பேருக்கு மேல செத்துட்டாங்க. அதக் கொல்லறதுக்குத்தான் விண்வெளிக் கப்பல் கேப்டன் கிர்க்கையும் அவரோட அதிகாரி ஸ்பாக்கையும் வரவழைக்கறாங்க. சுரங்க அதிகாரியோட மேசைல வழவழன்னு ஒரு கல் உருண்ட கெடக்கு. கீழ ஒரு எடத்துல இந்த மாதிரி ஆயிரக்கணக்குல இருந்துச்சு, ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு அவர் சாதாரணமா சொல்றார், ஸ்பாக் மட்டும் அத கைல எடுத்து திருப்பித் திருப்பிப் பாக்கறார். கடைசில தெரியுது, அந்த உருண்ட எல்லாம் முட்ட. ஹோர்ட்டான்னு பேரு வெச்ச அந்த உயிரு, சிலிக்கான்ல உருவான, கல்லுக் குவியல் மாதிரி ஊர்ந்து போற அது, ஒரு தாய். தோண்டறவங்க முட்டைய ஒடச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, அது காப்பாத்தப் பாத்திருக்கு.

அந்த கோஸ்ட்யூம பாத்தா இன்னிக்கு சின்னப் பசங்ககூட பயப்பட மாட்டாங்க, யானோஸ் ப்ரொஹாஸ்காங்கற ஸ்டன்ட் கலைஞர் தானே செஞ்சு தானே உள்ள புகுந்து ஊர்ந்தது. ஆனா அந்த மேசைல கெடக்கற முட்ட இருக்கே, அது தெரிஞ்சப்புறம் முதல் சீன்ல இருந்து பாத்த எல்லாமே தலகீழா மாறுது. "எது கொடூரம்னு நாம எத வெச்சு முடிவு பண்றோம்"ங்கறதுதான் ஹோர்ட்டாக்குள்ள இருந்த கேள்வி.

இது வரைக்கும் வந்தது இவ்ளோதான்: ஏலியன்னா வேஷம் போட்ட ஒரு கேள்வி. கேள்வி மிச்சம் இருக்கற வரைக்கும் அதுக்கு உயிர் இருக்கு.

அப்ப ஏன் பழசுக்கே திரும்பிப் போறாங்க

காசுதான் முதல் காரணம், இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 1966 டிசம்பர்ல ரோமுலன்ங்கற இனத்த கொண்டு வந்தாங்க, ஸ்பாக் மாதிரியே கூர்மையான காது உள்ளவங்க. அந்தக் காத ஒட்டறதுக்கு செலவும் நேரமும் ஆகும், அதனால பின்னாடி நிக்கற ரோமுலன்களுக்கு எல்லாம் ஹெல்மெட்ட மாட்டி காத மறச்சுட்டாங்க. அடுத்த வருஷம் வந்த கிளிங்கானுக்கு அந்தத் தொல்ல கெடயாது, கொஞ்சம் கருப்பு மேக்கப், மீச, தாடி, முடிஞ்சுது. அந்த சீரியல்ல ரோமுலன விட கிளிங்கான் அதிகமா வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது காரணம் நேரம், இத யாரும் அதிகமா பேசறதில்ல. ஒரு எபிசோட்னா சுமாரா நாப்பத்தஞ்சு அம்பது நிமிஷம். புது இனம்னா அவங்க யாரு, எங்க இருந்து வர்றாங்க, எதுக்கு கோபப்படுவாங்கன்னு சொல்லவே பத்து பதினஞ்சு நிமிஷம் போயிடும், மிச்சத்துலதான் கதை. கிளிங்கான் வந்து நின்னா ஒரு வார்த்த சொல்ல வேண்டாம், பாக்கறவங்களுக்கே எல்லாம் தெரியும், முதல் நிமிஷத்துலயே கதைக்குள்ள போயிடலாம். தெரிஞ்ச கடைல "வழக்கம் போல"ன்னு சொன்னா டீ வந்துடற மாதிரி.

மூணாவது, மக்கள் கேக்கறாங்க. டாக்டர் ஹூவ ஆரம்பிச்சப்ப சிட்னி நியூமன்ங்கற பிபிசி அதிகாரி, கண்ணு பிதுங்குன பூதங்க எல்லாம் வரவே கூடாதுன்னு சொல்லியிருந்தார். 1963 டிசம்பர்ல, ரெண்டாவது கதைலயே, டெர்ரி நேஷன் எழுதி ரேமண்ட் கியூசிக் வடிவமைச்ச டாலெக்ங்கற, உலோகக் கூட்டுக்குள்ள இருக்கற ஏலியன் வந்துச்சு. அதுக்கப்புறம் பிரிட்டன்ல பொம்மக் கடைல எல்லாம் டாலெக்தான். அதிகாரி வேண்டாம்னு சொன்ன பூதம்தான் அந்த சீரியலுக்கே வாழ்வு குடுத்துச்சு.

பயம் எப்படித் தேயுது: போர்க் இனத்தோட கதை

பழசுக்கே போறதுல உள்ள ஆபத்து என்னன்னு புரியணும்னா போர்க்ங்கற ஏலியன் இனத்தப் பாக்கணும்.

1989 மே மாசம், அடுத்து வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் சீரியல்ல முதல் தடவ வருது. கப்பலோட எஞ்சின் அறைக்குள்ள திடீர்னு ஒருத்தன் வந்து நிக்கறான், ஒடம்புல பாதி எந்திரம். கேப்டன் பிக்கார்ட் பேசறார், அவன் திரும்பிக்கூடப் பாக்கல. யாரயும் அடிக்க வரல, மெரட்டல, நேரா கம்ப்யூட்டர் பக்கம் போயி தன் வேலய பாக்க ஆரம்பிக்கறான், அறைல மனுஷங்க இருக்கறதே அவன் கணக்குல இல்ல. சுட்டுத் தள்ளறாங்க, செத்துடறான். ஒடனே இன்னொருத்தன் வர்றான். அவனயும் சுடறாங்க, இந்தத் தடவ குண்டு படல, நடுவுல ஒரு கவசம் மின்னி மறையுது. செத்தவன் ஒடம்புல இருந்து ரெண்டு பாகத்த கழட்டி எடுத்துக்கிட்டு போயிடறான். அப்புறம் அவங்களோட கனசதுரக் கப்பல், கேக்க வெட்டற மாதிரி நம்ம கப்பல்ல ஒரு துண்டு வெட்டி எடுத்துக்குது, பதினெட்டு பேரு போயிட்டாங்க.

எனக்கு இன்னிக்கும் அந்த சீன்ல கவசத்த விட, அவன் திரும்பிப் பாக்காததுதான் பயமா இருக்கு. ஸ்டார் ட்ரெக்கோட அடிப்படை நம்பிக்கையே பேசுனா எதயும் தீத்துடலாம்ங்கறதுதானே, நம்மளப் பேசறதுக்கு உரிய ஆளாவே நெனைக்காத ஒண்ணுகிட்ட என்ன பேசறது? இதுதான் போர்க் கொண்டு வந்த கேள்வி.

அடுத்த வருஷம் பிக்கார்டையே பிடிச்சு தங்கள்ல ஒருத்தரா மாத்துனாங்க, போர்க் இனத்தோட ஒரே ஒரு கப்பல் 39 கப்பல்கள அழிச்சுது. கேள்வி இன்னும் ஆழமாச்சு. 1992ல அடிபட்ட ஒரு சின்ன வயசு போர்க் கெடைக்கறான், ஹியூன்னு பேரு வெக்கறாங்க, எப்பவும் "நாங்க"ன்னே பேசறவன் ஒரு கட்டத்துல "நான்"னு சொல்றான். அவன வெச்சே மொத்த இனத்தயும் அழிக்கலாம்னு திட்டம் போட்டிருந்த பிக்கார்டுக்கு கை நடுங்குது. அருமையான கதை.

ஆனா 1996 படத்துல போர்க்குக்கு ஒரு ராணி வந்தாங்க. நடிப்புல கொற இல்ல, ஆனா ராணி பேசறாங்க, ஆசப்படறாங்க, கோபப்படறாங்க, பேரம் பேசறாங்க. திரும்பியே பாக்காத ஒண்ணுக்கு ஒரு முகம் குடுத்த ஒடனே பழைய கேள்விக்கு பதில் கெடச்சுடுச்சு. அதுக்கப்புறம் வாயேஜர் சீரியல்ல, ஊரு ஒலகத்துக்கு வெகு தூரத்துல தனியா மாட்டிக்கிட்ட ஒரே ஒரு கப்பல் போர்க்கிட்ட இருந்து திரும்பத் திரும்ப தப்பிச்சு வந்துச்சு. 39 கப்பல அழிச்சவங்களாச்சே இவங்க?

தெருவுல ஒரு நாய் இருக்கு, எல்லாரும் சுத்திப் போறாங்க. ஒரு நாள் ஒரு பையன் கல்லெடுத்து ஓங்குனதும் அது ஓடிடுது, மறுநாள்ல இருந்து யாரும் சுத்திப் போறதில்ல. வில்லன் ஒவ்வொரு தடவயும் தோத்து தோத்து பயம் போயிடற இதுக்கு ரசிகர்கள் வில்லன் தேய்மானம்னு சொல்லுவாங்க. ஹீரோ செத்துட்டா சீரியல் முடிஞ்சுடும், அதனால ஹீரோ ஜெயிச்சே ஆகணும், அப்ப திரும்ப வர்ற வில்லன் ஒவ்வொரு வரவுலயும் ஒரு சுத்து எளைக்கறத தவிர்க்கவே முடியாது.

சுருக்கமா, காசும் நேரமும் பழசு பக்கம் இழுக்குது, பழசு சும்மா வந்து நின்னா தேயுது.

தேயாம திரும்பி வர்றது எப்படி

வழி இருக்கு. பழைய ஆள்கிட்ட பழைய கேள்வியக் கேக்காம, புதுசா ஒண்ணு கேக்கணும்.

கிளிங்கான் 1967ல வந்தப்ப அமெரிக்காவுக்கு பனிப்போர்ல எதிரி எப்படியோ அப்படி. 1984 படத்துல கிளிங்கான்கள் கிர்க்கோட மகனக் கொன்னுட்டாங்க. 1991 டிசம்பர்ல வந்த படத்துல கிளிங்கான் சந்திரன் ஒண்ணு வெடிச்சு, அவங்க பேரரசே தள்ளாடி, சமாதானம் பேச வர்றாங்க. அதே மாசம்தான் சோவியத் யூனியனும் இல்லாமப் போச்சு. இப்ப கிர்க்குக்கு வயசாயிடுச்சு, பையனக் கொன்னவங்களோட ஒரே மேசைல ஒக்காந்து சாப்பிடணும். "எதிரிய எப்படி ஜெயிக்கறது"ங்கற கேள்வி போயி, "எதிரி கைய நீட்டிட்டான், இத்தன வருஷம் சுமந்த வெறுப்ப எங்க எறக்கி வெக்கறது"ன்னு ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷம் பழகுன இனமா இருந்ததாலதான் இந்தக் கேள்விக்கே எட வந்துச்சு, அன்னிக்கு புதுசா உருவாக்குன ஒரு இனத்த வெச்சு இதக் கேட்டிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது.

டாலெக்கும் அப்படித்தான். 2005ல டாக்டர் ஹூ மறுபடி வந்தப்ப ராபர்ட் ஷியர்மன் எழுதுன எபிசோட்ல ஒரே ஒரு டாலெக், அமெரிக்கால ஒரு பணக்காரரோட பூமிக்கடி மியூசியத்துல சங்கிலி போட்டு கட்டிக் கெடக்குது. அதோட இனமே அழிஞ்சு போச்சு. உத்தரவுக்கு மட்டுமே வாழற ஒரு சிப்பாய், உத்தரவு குடுக்க யாருமே இல்லன்னா என்ன பண்ணுவான்? நாப்பது வருஷமா கத்திக்கிட்டே இருந்த ஒண்ணுகிட்ட அது வரைக்கும் இவ்ளோ நிதானமா யாரும் இதக் கேக்கல.

புதுசுன்னு பேரு, உள்ள காலி

இப்ப மறுபக்கம். புது இனம்னு சொல்லி நெத்தில ஒரு மேடு, மூக்குல ரெண்டு வரி ஒட்டிட்டு, மத்தபடி நம்மள மாதிரியே பேசி நடந்து கோபப்படற ஆளுங்கள காட்டுவாங்க, இதுக்கு ஃபோர்ஹெட் ஏலியன்னு பேரு. 80, 90கள்ல வருஷத்துக்கு 26 எபிசோட் எடுக்கறப்ப இது ஏகப்பட்டது வந்துச்சு. எண்ணிக்கைல புதுசுதான், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பத்து நிமிஷத்துல தீந்துடுவாங்க.

நெஜமாவே புதுசுன்னா 1991ல வந்த டமேரியன் இனம். வார்த்த எல்லாம் மொழிபெயர்ப்பு எந்திரத்துக்குப் புரியுது, ஆனா அவங்க சொல்றது ஒண்ணும் புரியல, ஏன்னா அவங்க பேசறது முழுக்க தங்களோட கதைங்கள்ல இருந்து எடுத்த குறிப்பு. "டார்மோக்கும் ஜலாத்தும், டனாக்ராவில்"னு சொன்னா முன்னப் பின்ன தெரியாத ரெண்டு பேரு ஒரு பொது ஆபத்த சேந்து எதிர்த்து நண்பர்களானத சொல்றாங்க. இது நமக்கு சட்டுனு புரியும். வெளியூர்க்காரர் ஒருத்தர்கிட்ட "என் தம்பி ஒரு கும்பகர்ணன், பக்கத்து வீட்டுக்காரன் சகுனி, எங்கப்பா அரிச்சந்திரன்"னு சொன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதி பாத்தாலும் அவருக்கு என்ன கெடைக்கும்? அந்த டமேரியன் கேப்டன், தன்ன புரிய வெக்கறதுக்காகவே உசிரக் குடுக்கறார். மூஞ்சில மேடு அவருக்கும் இருக்கு, ஆனா உள்ள இருக்கற கேள்வி அதுக்கு முன்னாடி யாரும் கேக்காதது.

கேனன், ரெட்கான், அப்புறம் கோர்ன்

இன்னும் ரெண்டு வார்த்த இருக்கு, சண்டைல அடிக்கடி அடிபடும். இந்தக் கதை உலகத்துல இதெல்லாம் நெஜமா நடந்ததுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயத்த கேனன்னு சொல்லுவாங்க. ஏற்கனவே நடந்ததுக்கு பின்னாடி வந்து புதுக் காரணம் சேத்து அர்த்தத்த மாத்தறது ரெட்கான். தாத்தா வேலய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டார்னு குடும்பமே நம்பிக்கிட்டு இருந்தப்புறம், இல்ல அவர வேலய விட்டு எடுத்துட்டாங்கன்னு சித்தப்பா ஒரு நாள் சொல்றார் பாருங்க, அது மாதிரி.

கிளிங்கானுக்கு 1967ல நெத்தி நம்மள மாதிரிதான், 1979 படத்துல இருந்து எலும்பு மேடு. உண்மையான காரணம் படத்துக்கு காசு அதிகம், அவ்ளோதான். 1996ல ஒரு எபிசோட்ல வொர்ஃப்ங்கற கிளிங்கான்கிட்ட இதப் பத்தி கேக்கறப்ப, நாங்க இத வெளியாளுங்ககிட்ட பேசறதில்லன்னு முடிச்சுடுவார். 2005ல ஒரு வைரஸ் கதை சொல்லி இத விளக்குனாங்க. என்னக் கேட்டா வொர்ஃப் சொன்னதே போதும், எல்லா ஓட்டையயும் அடைக்கணும்னு அவசியம் இல்ல.

கோர்ன் விஷயம்தான் எனக்கு மனசுக்குள்ள கெடந்து உறுத்துது. 1967 ஜனவரில வந்த பல்லி மூஞ்சி இனம். முழு எபிசோடும் அத ஒரு கொடூரமான பூதமா காட்டிட்டு, கடைசில இது எங்க எடம், நீங்கதான் உள்ள வந்தீங்கன்னு அதோட நியாயத்த சொல்ல வெச்சாங்க, கிர்க் கத்திய ஓங்கிட்டு கீழ போட்டுடுவார். 2022ல தொடங்குன புது சீரியல்ல கோர்ன் திரும்பி வந்தப்ப மனுஷ ஒடம்புல முட்ட வெச்சு வேட்டையாடற மிருகமா வந்துச்சு. பயமா எடுத்திருக்காங்க, ஒத்துக்கறேன். ஆனா பூதம்னு நெனச்சதுக்கும் ஒரு நியாயம் உண்டுங்கற அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் கோர்னே பொறந்துச்சு, அத எடுத்துட்டா பேரும் தோலும்தான் மிச்சம். அப்படி வேட்ட மிருகம்தான் வேணும்னா புது இனம் ஒண்ணு படைச்சிருக்கலாமேன்னு தோணுச்சு. 2025ல வந்த மூணாவது சீசன்ல ஒரு விமானி தனியா ஒரு கோர்னோட மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து பொழைக்கப் பாக்கற எபிசோட் வந்தப்பதான் கொஞ்சம் நிம்மதியாச்சு.

இங்க ஒரு நடைமுற விஷயமும் இருக்கு. 26 எபிசோட் இருந்த காலத்துல ஒரு புது இனம் எடுபடலன்னா அடுத்த வாரம் மறந்துடுவாங்க. இப்ப சீசனுக்கு பத்துதான், ஒரு புது இனம் சொதப்புனா சீசன்ல பத்துல ஒண்ணு போச்சு. தெரிஞ்ச பேர வெச்சு வெளயாடலாம்னு எடுக்கறவங்க நெனைக்கறது புரியுது. ஹோர்ட்டா மாதிரி டமேரியன் மாதிரி விபரீத முயற்சிக்கெல்லாம் எட கொறஞ்சு போனதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கறேன்.

எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கறது

இதயெல்லாம் நேர்ல பாத்து புரிஞ்சுக்கணும்னா ஃபெரெங்கி இனத்த ரெண்டு இடத்துல பாருங்க. 1987 அக்டோபர்ல அடுத்த பெரிய வில்லன்னு கொண்டு வந்தாங்க. பெரிய காது, கைல மின்சாரச் சாட்ட, குதிச்சுக் குதிச்சு சண்ட போட்டாங்க, பாத்தவங்க யாரும் பயப்படல. அவங்க எடத்த நெரப்பறதுக்குத்தான் பின்னாடி போர்க் வந்துச்சு. அன்னிக்கு அப்படி குதிச்சவங்கள்ல ஒருத்தர் ஆர்மின் ஷிமர்மன், 1993ல தொடங்குன டீப் ஸ்பேஸ் நைன்ங்கற ஸ்டார் ட்ரெக் சீரியல்ல அவரே க்வார்க்ங்கற மதுக்கட முதலாளியா ஏழு சீசன் நடிச்சார், காசே கடவுள்னு இருக்கற ஒரு இனத்துல குடும்பம் எப்படி இருக்கும், பாசம் எப்படி இருக்கும்னு அந்தக் கடைய வெச்சே காட்டுனாங்க.

அப்புறம் 1998 டிசம்பர்ல வந்த எபிசோட். க்வார்க்கோட தம்பி பையன் நோக், விண்வெளிப் படைல சேந்த முதல் ஃபெரெங்கி, போர்ல கால் போயிடுது. செயற்கைக் கால் நல்லாவே வேல செய்யுதுன்னு டாக்டர் சொல்றார், இவன் கைத்தடிய விடமாட்டேங்கறான். கம்ப்யூட்டர் நெஜம் மாதிரியே உருவாக்கிக் காட்டற ஒரு பழைய பாட்டு கிளப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்கறான், அங்க இருக்கற பாடகர் கணக்கு வழக்கு எல்லாம் பாத்துக் குடுக்கறான், வெளிய வரவே மாட்டேங்கறான். கடைசில அந்தப் பாடகர்கிட்ட ஒடஞ்சு போயி சொல்றான், சண்டைக்குப் போனப்ப எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், காலே போகும்னா எனக்கு எது வேணா நடக்கலாம், நாளைக்கே செத்துப் போகலாம், அத என்னால தாங்க முடியுமான்னு தெரியலன்னு. அந்தக் காது, அந்தப் பல்லு, எல்லாம் 1987ல பாத்த அதே மேக்கப்தான்.